4294967297: பகா எண் மாதிரியே நடிக்கற ஒரு எண் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

இது என்ன எண்? ஏன் இதுக்குன்னு தனியா ஒரு பக்கம்?

4294967297. வாயால சொன்னா நானூத்தி இருபத்தொம்பது கோடியே நாப்பத்தொம்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூத்தி தொண்ணூத்தி ஏழு. பாக்க ஏதோ ஃபோன் நம்பர் மாதிரி இருக்கும், ஆனா உள்ள பாத்தா ரொம்ப ஒழுங்கான எண், 2-ஐ 32 தடவை பெருக்கி அதோட ஒண்ணு கூட்டினா வரது, அவ்ளோதான். 2^32 + 1.

கிட்டத்தட்ட நூறு வருஷம் இது பகா எண்ணுன்னு ஒரு பெரிய மனுஷன் சொன்னதை யாரும் பொய்யின்னு காட்டல. அப்புறம் இன்னொரு பெரிய மனுஷன் வந்து இது 641-ஆல வகுபடும்னு காமிச்சுட்டார். 641! மூணே இலக்கம். அந்தக் கதைக்காகவே இந்த எண் எனக்குப் பிடிக்கும்.

பகா எண்ணுன்னு சொன்னது யாரு?

பியர் டி ஃபெர்மா, பிரெஞ்சுக் கணிதர். 1640-ல ஃப்ரெனிக்கிள்ங்கற இன்னொரு கணிதருக்கு எழுதின கடிதத்துல, 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1, 2^16 + 1 இப்படி அடுக்கை இரட்டிச்சுக்கிட்டே போனா வரதெல்லாம் பகா எண்தான்னு தான் நம்பறதா சொல்றார். அந்த வரிசை 3, 5, 17, 257, 65537. இந்த அஞ்சும் நிஜமாவே பகா எண்தான். அடுத்து வரது நம்ம ஆளு. இந்த வரிசையில வர எண்களுக்கு இப்ப ஃபெர்மா எண்கள்னு பேரு, முதல்ல இருக்கற 3-க்கு பூஜ்யம்னு நம்பர் குடுத்து எண்ணறதால 4294967297 ஐந்தாவது ஃபெர்மா எண், ஆனா வரிசையில ஆறாவதா நிக்கும். இதுல நிறைய பேர் குழம்புவாங்க, நானும் ஆரம்பத்துல குழம்பினேன்.

ஒண்ணு சொல்லணும், ஃபெர்மா இதை நிரூபிச்சதா சொல்லல. நிரூபணம் கைல இல்லன்னு ஒத்துக்கிட்டுதான் சொன்னார். அதனால அவர் பொய் சொன்னார்னு எழுதறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

அடுக்கு ஏன் 1, 2, 4, 8, 16, 32-ன்னு மட்டும் போகுது? 2^12 + 1, 2^20 + 1 இதெல்லாம் ஏன் பாக்கல?

பாத்து பிரயோஜனம் இல்ல. அடுக்குல 1-ஐ விட பெரிய ஒத்தைப்படை காரணி ஒண்ணு இருந்தா அந்த எண் கண்டிப்பா உடையும். 12 = 4 × 3 இல்லையா, அதனால 2^12 + 1 வந்து 2^4 + 1-ஆல, அதாவது 17-ஆல வகுபடும். 4097 = 17 × 241, போட்டுப் பாருங்க. 20 = 4 × 5, அதுவும் 17-ஆல வகுபடும். ஒத்தைப்படைக் காரணியே இல்லாத அடுக்குன்னா அது 2-ஓட அடுக்காத்தான் இருக்கணும். 32 அப்படிப்பட்டது, அதனால இந்த சுலபமான வழியில இதை உடைக்க முடியாது, அதுதான் இதை இவ்ளோ நாள் காப்பாத்திச்சு.

உடைச்சது யாரு, எப்போ?

லியோனார்ட் ஆய்லர்ங்கற ஸ்விஸ் கணிதர், 1732-ல. அதுக்கு முன்னாடி 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கற கணிதர் ஆய்லருக்கு எழுதின கடிதத்துல, ஃபெர்மா இப்படி ஒண்ணு சொல்லியிருக்காரே உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டார். ஆய்லர் முதல்ல பெருசா ஆர்வம் காட்டல, அப்புறம் புடிச்சுக்கிட்டார். விடை:

4294967297 = 641 × 6700417

இந்த ரெண்டுமே பகா எண். அதனால இதுக்கு மேல உடையாது.

சரி, 641-ஐ எப்படி கண்டுபிடிச்சார்? கம்ப்யூட்டர் இல்ல, கால்குலேட்டர் இல்ல, ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்தாரா?

இந்தப் பக்கத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

கண்ணை மூடிக்கிட்டு வகுக்கறதுன்னா, இந்த எண்ணோட வர்க்கமூலம் 65536-ஐ விட ஒரு துளி கூட, 65536 வரைக்கும் 6542 பகா எண் இருக்கு, மோசமான நிலைமையில அத்தனையையும் பாக்கணும். ஆனா 641 வந்து 116-ஆவது பகா எண். அதாவது 3, 5, 7, 11-ன்னு முட்டாள்தனமா ஆரம்பிச்சு போயிருந்தாக்கூட நூத்திச் சொச்சம் வகுத்தல்ல மாட்டியிருக்கும். ஒரு சாயங்காலம் வேலை. ஃபெர்மா மாதிரி ஆளு அதை செய்யாம விட்டாரா, இல்ல செஞ்சு எங்கயாவது கணக்குல தப்பு விட்டாரான்னு யோசிச்சா மண்டை காயும்.

ஆய்லர் வழி வேற. 4294967297-ஐ ஒரு பகா எண் வகுக்குதுன்னு வெச்சுக்குங்க. அப்போ 2^32-ஐ அந்தப் பகா எண்ணால வகுத்தா மீதி −1 (அதாவது முழுசா வகுபட ஒண்ணு குறையுது). வர்க்கம் எடுத்தா 2^64-க்கு மீதி 1. இப்போ 2-ஓட அடுக்குகள்ல முதல் தடவையா மீதி 1 வர இடம் எதுன்னு பாத்தா, அது 64-ஐ வகுக்கணும், ஆனா 32-ஐ வகுக்கக் கூடாது (32-ல −1 தானே வந்துச்சு), அதனால அது 64-ஏதான். இன்னொரு பக்கம், எந்த ஒத்தைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் அதுல ஒண்ணு குறைச்ச அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினா மீதி 1 வரும்னு ஒரு தேற்றம் இருக்கு. ரெண்டையும் சேத்தா, அந்தப் பகா எண்ணுல ஒண்ணு குறைச்சா அது 64-ஆல வகுபடணும். அதாவது காரணி கண்டிப்பா 64-ஓட மடங்கு கூட்டல் 1 ரூபத்துலதான் இருக்கும்.

இப்போ தேடற இடம் சுருங்கிடுச்சு. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதுல பகா எண் 193, 257, 449, 577, 641 மட்டும்தான். 193-ஆல வகுத்தா மீதி 109. 257-க்கு மீதி 2. 449-க்கு 325. 577-க்கு 288. 641-க்கு பூஜ்யம். அஞ்சாவது முயற்சியில விழுந்துடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மேல ஒரு தேற்றம் இருக்குன்னு சொன்னேன் பாருங்க, அது யாரோடதுன்னா ஃபெர்மாவோடதுதான்! ஃபெர்மாவின் சிறிய தேற்றம், அதையும் அவர் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதினது அதே 1640-லதான். ஆயுதம் அவர் கைலயே இருந்துச்சு, அதை இந்த எண் மேல வீசத்தான் இல்ல.

257-ஐ வகுத்துத்தான் பாக்கணுமா?

வேண்டாம். 257-ம் ஒரு ஃபெர்மா எண். எந்த ரெண்டு ஃபெர்மா எண்ணுக்கும் 1-ஐ தவிர பொதுவான காரணி கிடையாது. 257-ஆல வகுக்கும்போது 2^8-க்கு மீதி −1, 2^16-க்கு 1, 2^32-க்கும் 1, ஆக 2^32 + 1-க்கு 2.

இன்னும் சுருக்கலாம். 1878-ல லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் காரணி 64-ஓட மடங்கு கூட்டல் 1 மட்டும் இல்ல, 128-ஓட மடங்கு கூட்டல் 1-ஆவே இருக்கணும்னு காமிச்சார். அப்போ 129, 257, 385, 513, 641. 257-ஐ ஏற்கனவே தூக்கிட்டோம், மிச்சம் மூணும் பகா எண்ணே இல்ல. முதல் அடியே 641!

641 வகுக்கும்னு கையால சரிபாக்க சின்ன வழி இருக்கா?

ரெண்டு வழி சொல்றேன்.

முதல் வழி, பேப்பர் பேனா போதும். 65536-ஐ 641-ஆல வகுத்தா மீதி 154. நம்ம எண் 65536 வர்க்கம் கூட்டல் 1 தானே, அதனால 154 வர்க்கம் கூட்டல் 1 பாத்தா போதும், 23716 + 1 = 23717. அது 641 × 37. முடிஞ்சது.

ரெண்டாவது வழி வகுக்கவே வேண்டாம், அதான் அழகு. 641-ஐ ரெண்டு விதமா எழுதலாம்: 5 × 2^7 + 1, அப்புறம் 5^4 + 2^4 (625 + 16). முதல்ல இருந்து, 641-ஆல வகுக்கும்போது 5 × 2^7-க்கு மீதி −1. அதை நாலாம் அடுக்குக்கு உயர்த்தினா 5^4 × 2^28-க்கு மீதி 1. ரெண்டாவதுல இருந்து, 5^4-க்கு பதிலா −2^4-ன்னு போட்டுக்கலாம். போட்டா −2^32-க்கு மீதி 1, அதாவது 2^32 + 1 முழுசா வகுபடுது. மூணு வரி. நான் முதல் தடவை இதைப் பாத்தப்போ எங்கயோ ஏமாத்தறாங்கன்னு நினைச்சு நாலு தடவை திருப்பித் திருப்பி போட்டுப் பாத்தேன், ஏமாத்தல.

6700417 பகா எண்ணுன்னு எப்படி நம்பறது? அதுவும் நடிக்குதோ என்னவோ?

நியாயமான சந்தேகம். இதோட வர்க்கமூலம் 2588 சொச்சம். இதை ஒரு பகா எண் வகுத்தா அது 4294967297-ஐயும் வகுக்கும், அதனால அது 128-ஓட மடங்கு கூட்டல் 1-ஆ இருக்கணும். 2588-க்குள்ள அப்படி இருக்கற பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 வராதுன்னு பாத்தாச்சு. மீதி நாலையும் வகுத்தா 641-க்கு மீதி 44, 769-க்கு 120, 1153-க்கு 334, 1409-க்கு 622. எதுவும் பூஜ்யம் இல்ல. அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் இருக்கற ஒரு எண்ணை நாலே வகுத்தல்ல பகா எண்ணுன்னு நிரூபிச்சுட்டோம், இது மாதிரி சொகுசு மத்த எண்களுக்கு கிடைக்காது.

இந்த எண்ணை எந்தெந்த வகையில சேக்கலாம்?

ஒத்தைப்படை. பகு எண். ரெண்டே பகா எண்களோட பெருக்கல். எந்த பகா காரணியும் ரெண்டு தடவை வராது. வகுத்திகள் மொத்தம் நாலு: 1, 641, 6700417, அப்புறம் அதுவே. அதை மட்டும் விட்டுட்டு மீதி மூணையும் கூட்டினா 6701059, எண்ணோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல, அதனால இது குறை எண், அதுவும் பயங்கரமான குறை. இதை விட சின்னதா இருந்து இதோட பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனைன்னா 640 × 6700416 = 4288266240.

இலக்கங்களோட கூட்டல் 59. இலக்கங்களோட வர்க்கங்களைக் கூட்டிக்கிட்டே போற அந்த 'ஹேப்பி எண்' விளையாட்டுல 417, 66, 72, 53, 34, 25, 29, 85, 89-ன்னு போய் சுழல்ல மாட்டிக்கும், 1-க்கு வராது, அதனால ஹேப்பி இல்ல. இந்த மாதிரி இலக்கத்தை வெச்சு பண்ற வகைப்படுத்தல்ல எனக்கு பெரிய மரியாதை கிடையாது, பத்து விரல் இருக்கறதால பத்துல எழுதறோம், எண்ணுக்கு அது தெரியுமா என்ன. ஆனா கேக்கறாங்க, சொல்லிட்டேன்.

பைனரில (0, 1 மட்டும் வெச்சு) எழுதினா கதையே வேற. 1, அப்புறம் வரிசையா 31 பூஜ்யம், கடைசில ஒரு 1. ஹெக்ஸ்ல (பத்துக்கு பதிலா 16-ஐ வெச்சு எழுதறது) 100000001. ரெண்டுலயும் முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணுதான்.

'போலி பகா எண்'ணுன்னு எங்கயோ படிச்சேன், அது என்ன?

ஒரு எண் பகா எண்ணான்னு சோதிக்க, 2-ஐ அந்த எண்ணுல ஒண்ணு குறைச்ச அடுக்குக்கு உயர்த்தி வகுத்துப் பாப்பாங்க, மீதி 1 வரலைன்னா கண்டிப்பா பகு எண், 1 வந்தா பகா எண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்ல. நம்ம எண்ணுல ஒண்ணு குறைச்சா 2^32, அது 64-ஆல வகுபடும், 2^64-க்கு மீதி 1-ன்னு ஏற்கனவே பாத்தோம், அதனால சோதனைல ஜம்முன்னு பாஸ் ஆயிடும். பகா எண் இல்லாம பாஸ் ஆறதைத்தான் 2-ஐ அடிமானமா வெச்ச போலி பகா எண்ணுன்னு சொல்றது. இதுல இன்னும் கடுமையான சோதனை ஒண்ணு இருக்கு, அதுலயும் 2-ஐ வெச்சு பாத்தா இது தப்பிச்சுடும். எல்லா ஃபெர்மா எண்ணுக்கும் இந்த குணம் உண்டு.

ஆனா 2-க்கு பதிலா 3-ஐ வெச்சா சாயம் வெளுத்துடும். 1877-ல பெப்பின் கொண்டு வந்த சோதனை அதுதான்: 3-ஐ 2^31 அடுக்குக்கு உயர்த்தினா மீதி −1 வரணும், வந்தா பகா எண், வரலைன்னா இல்ல, நடுவுல பேச்சே கிடையாது. 4294967297-க்கு வராது. இந்தச் சோதனைல ஒரு வினோதம், எண் உடையும்னு சொல்லும், ஆனா எதால உடையும்னு சொல்லவே சொல்லாது. இருபதாவது, இருபத்தி நாலாவது ஃபெர்மா எண்கள் பகு எண்ணுன்னு தெரியும், ஒரு காரணி கூட இன்னும் கைல சிக்கல.

ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுத முடியுமா?

ஒரு வழி கண்ணுக்கு முன்னாடியே இருக்கு: 65536² + 1². இன்னொரு வழியும் இருக்கு: 62264² + 20449². முதல் வர்க்கம் 3876805696, ரெண்டாவது 418161601, கூட்டிப் பாத்துக்குங்க.

இது சும்மா வேடிக்கைக்கு இல்ல. ஒரு பகா எண்ணை ரெண்டு வர்க்கமா எழுத முடிஞ்சா அது ஒரே ஒரு வழிலதான் முடியும். இதுக்கு ரெண்டு வழி இருக்குன்னா அதுவே இது பகா எண் இல்லைங்கறதுக்கு சாட்சி, 641-ஐ பத்தி பேச்சே எடுக்க வேண்டாம். காரணிகளும் இதே ரகம்தான், 641 = 25² + 4², 6700417 = 2556² + 409².

4294967297 பக்கம் உள்ள பலகோணத்தை ஸ்கேல் காம்பஸ் வெச்சு வரையலாமா?

முடியாது. 1796-ல பதினெட்டு வயசு காஸ், 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை காம்பஸும் நேர்விளிம்பும் மட்டும் வெச்சு வரைய முடியும்னு கண்டுபிடிச்சார். பக்கங்களோட எண்ணிக்கை ஒத்தைப்படையா இருந்தா, அது வெவ்வேற ஃபெர்மா பகா எண்களோட பெருக்கலா இருக்கணும், அப்பத்தான் வரைய முடியும். அது இல்லாம முடியவே முடியாதுங்கறதை 1837-ல வான்ட்செல் நிரூபிச்சார். 641 ஃபெர்மா எண் இல்ல, அதனால நம்ம ஆளு அவுட்.

ஆனா ரெண்டு குறைச்சு 4294967295 பக்கம் கேட்டீங்கன்னா கொள்கை அளவுல வரையலாம்! 3 × 5 × 17 × 257 × 65537 பெருக்கினா சரியா 4294967295 வருது. தெரிஞ்ச அஞ்சு ஃபெர்மா பகா எண்ணும் அதுக்குள்ள அடக்கம், அதனால வரைய முடியும்னு தெரிஞ்ச ஒத்தைப்படைப் பலகோணங்கள்ல பெருசு அதுதான். ஒரு ஃபெர்மா எண்ணுல 2 கழிச்சா அதுக்கு முன்னாடி வந்த எல்லா ஃபெர்மா எண்களோட பெருக்கல் வரும், இது எப்பவுமே உண்மை.

இதுக்கு அப்புறம் வர ஃபெர்மா எண்கள் ஏதாவது பகா எண்ணா?

இதுவரைக்கும் ஒண்ணு கூட சிக்கல. அடுத்தது 18446744073709551617, அதை 1880-ல லாண்ட்ரி என்பவர் 274177 × 67280421310721-ன்னு உடைச்சார், அப்போ அவருக்கு 80 வயசுக்கு மேல. அதுக்கு அடுத்தது 1970-ல மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கம்ப்யூட்டர் வெச்சு உடைச்சாங்க, 1980-ல பிரென்ட்டும் பொலார்டும் அதுக்கடுத்ததை. முழுசா உடைச்சு முடிச்சது பதினொண்ணாவது வரைக்கும்தான். அஞ்சுல இருந்து முப்பத்தி ரெண்டு வரைக்கும் எல்லாமே பகு எண்ணுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. முப்பத்தி மூணாவது என்னன்னு யாருக்கும் தெரியாது, அதுல கிட்டத்தட்ட 258 கோடி இலக்கம் இருக்கு.

65537-தான் கடைசி ஃபெர்மா பகா எண்ணுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நானும் அந்தக் கட்சி. நிரூபணம் இல்ல. ஃபெர்மா எல்லாமே பகா எண்ணுன்னு நினைச்சார், நாம அதுக்கு மேல ஒண்ணுமே இல்லன்னு நினைக்கறோம், அதனால ரொம்ப சிரிக்க வேண்டாம் அவரைப் பாத்து.

ஒரு சின்னப் பையன் மனசுலயே இதை உடைச்சான்னு சொல்றாங்களே?

ஸெரா கோல்பர்ன், 1804-ல அமெரிக்காவுல பிறந்தவர். எட்டு வயசுல லண்டனுக்கு கூட்டிட்டு வந்து மனக்கணக்கு காட்டினப்போ இந்த எண்ணைக் குடுத்தாங்க, 641-ஆல வகுபடும்னு சொன்னான்னு அந்தக் காலக் குறிப்புகள் சொல்லுது. நூத்திப் பதினாறாவது பகா எண்ணுதானேன்னு யோசிச்சா, அந்த மாதிரி மூளைக்கு இது நடக்காத விஷயம் இல்ல.

இதுக்குப் பக்கத்துல நிஜமான பகா எண் எங்க இருக்கு?

கீழ 4294967291, மேல 4294967311. நடுவுல ஒண்ணும் கிடையாது.

கோட்ல இந்த எண்ணைப் போட்டா 1-ன்னு வருது, என் ப்ரோக்ராம்ல தப்பா?

தப்பு இல்ல, இடம் பத்தல. 32 பிட்ல குறி இல்லாத எண்ணா வெச்சா அதிகபட்சம் 4294967295 வரைக்கும்தான் போகும் (ஆமா, மேல பலகோணத்துல வந்த அதே எண்தான்). 4294967296 போட்டா பூஜ்யம் ஆயிடும், 4294967297 போட்டா 1. பைனரில எழுதினா 33 இலக்கம்னு நியாபகம் இருக்கா, முன்னாடி இருக்கற 1 வெட்டுப்பட்டுப் போகுது, 31 பூஜ்யமும் கடைசி 1-ம் மட்டும் மிச்சம். 64 பிட் டைப்புக்கு மாத்துங்க, சரியாயிடும். மாத்தாம 641-ஆல வகுத்துப் பாத்து மீதி 1 வருதே ஆய்லர் தப்பா சொல்லிட்டாரோன்னு நான் ஒரு ராத்திரி பூரா உக்காந்திருக்கேன்.